பதினைந்தாயிரம் சம்பளம், இருபதாயிரம் செலவு: கொங்குப் பக்கத்து ஹார்டுவேர், டைல்ஸ் கடைகளின் ஆள் கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடமோ டைல்ஸ் கடைக்காரரிடமோ "ஆள் செலவு எவ்வளவு ஆகுதுங்க?" என்று கேட்டால், போன மாதம் சம்பளமாகக் கொடுத்த தொகையைச் சொல்வார். அது கணக்கில் ஒரு பகுதிதான். இறக்குக்கூலி வண்டி வாடகையோடு சேர்ந்திருக்கும். உடைந்த டைல்ஸ் பெட்டி சரக்குக் கணக்கில் போயிருக்கும். மேஸ்திரிக்குக் கொடுத்தது 'டிஸ்கவுன்ட்' என்ற பேரில் பில்லுக்குள் ஒளிந்திருக்கும். தீபாவளிக்குக் கொடுத்தது முதலாளியின் சொந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இப்படிச் சிதறிக் கிடப்பதால், செலவைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும்போது கண்ணில் படுவது சம்பளம் ஒன்றுதான். அதை இறுக்கினால் மற்ற நாலும் வீங்குகின்றன. எப்படி வீங்குகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கீழே வரும் சம்பளம், சரக்கு விலை, கூலி எல்லாம் கணக்குப் போட்டுக் காட்ட எடுத்துக்கொண்டவை. சட்டம் சொல்லும் சதவீதங்களும் வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை.

ஒரு சேல்ஸ்மேனின் முழு விலை

22 பேர் வேலை செய்யும் ஒரு கடை. அதில் ஒரு சேல்ஸ்மேனுக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய். ஆட்கள் இருபதைத் தாண்டியதால் பி.எஃப். உண்டு. கடையின் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். அதோடு பி.எஃப். உறுப்பினருக்கான காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் சேர்த்து 150. ஆக 1,950. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குக் கடை கட்டுவது 3.25 சதவீதம், அதாவது 488. போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால்தான் 'ஒரு மாதச் சம்பளம் போனஸ்' என்ற வழக்கம் வந்தது. சட்டம் உச்சவரம்பு வைத்துக் கணக்கிடுகிறது; கடைகள் பெரும்பாலும் முழு மாதச் சம்பளத்தையே கொடுத்துவிடுகின்றன. மாதத்துக்குப் பிரித்தால் 1,250. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து. மாதத்துக்கு 721 ஒதுக்கி வைக்க வேண்டும். ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. அன்றைக்கு வேறு ஆள் நிற்பதற்கான செலவு மாதத்துக்கு 577. எல்லாம் கூட்டினால் 19,986. மாதம் இருபதாயிரத்துக்குப் பதினாலு ரூபாய் குறைவு.

இதே ஆள் கையில் வாங்குவது எவ்வளவு? 15,000-இல் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமாக 113 கழிந்து, 13,087 ரூபாய்.

கடைக்காரர் மனசில் இருபதாயிரம். வேலைக்காரர் மனசில் பதிமூணாயிரம். நடுவில் உள்ள ஏழாயிரத்தைப் பற்றி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை. "அந்தக் கடைல கையில பதினாலு தர்றாங்கண்ணா" என்று ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, பிடித்தம் எதுவும் இல்லாத கடைக்குப் போகிறார் என்று அவருக்கே தெரியாது. கடைக்காரரும் விளக்குவதில்லை. பி.எஃப். கணக்கில் என்ன சேர்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்: அவர் பங்கு 1,800, கடை கட்டும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய் மீதி 550 அவர் கணக்குக்கு வருகிறது. மாதம் 2,350, வட்டி தனி. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு பணி வேண்டும்; கணக்கு, சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 15,000 ரூபாய்க்கு 15 ஆண்டு நின்றால் மாதம் 3,214. பெரிய தொகை அல்ல. ஆனால் ஹார்டுவேர் கடையில் நின்றவருக்கு அறுபது வயதில் வேறு எதுவும் வருவதில்லை. சம்பளச் சீட்டை அச்சடித்துக் கையில் கொடுப்பதுதான் இந்த விஷயத்தில் மிக மலிவான சம்பள உயர்வு.

இன்னொரு சின்ன விஷயம். கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறுகிறது. வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் சரியாக இருந்த சம்பளம் அடுத்த ஏப்ரலில் வரம்புக்குக் கீழே போய்விடும். ஆய்வில் பிடிபடுவதில் பெரும்பங்கு வேண்டுமென்றே குறைத்ததல்ல, ஏப்ரலை மறந்ததுதான்.

ஒன்பது பேர், பத்தொன்பது பேர்

இ.எஸ்.ஐ.யும் கிராஜுவிட்டியும் பத்துப் பேரில் தொடங்குகின்றன. பி.எஃப்.பும் போனஸும் இருபதில். அதனால் நம் பக்கத்தில் ஒன்பது பேர் கடையும் பத்தொன்பது பேர் கடையும் ஏராளம். பெயின்ட் ஒரு பேரில், பிளம்பிங் சாமான் இன்னொரு பேரில், பேர்ப்பலகை இரண்டு, கல்லா ஒன்று. கிளையும் பிரிவும் ஒரே நிறுவனம் என்பது பி.எஃப். சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே முதலாளி, ஒரே குடோன், ஆட்கள் இங்கேயும் அங்கேயும் மாறி நிற்பது ஆகியவை தெரிந்தால் சேர்த்து எண்ணிவிடுவார்கள். பழைய ஆண்டுகளுக்கும் பாக்கி, வட்டி, அபராதம் வரும். ஒருமுறை வரம்புக்குள் வந்த கடை பிறகு ஆளைக் குறைத்தாலும் வெளியே போக முடியாது.

வேறொரு வழியும் வழக்கத்தில் இருக்கிறது. முன்பு பி.எஃப். கணக்கே இல்லாத ஒருவர், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 15,000-க்கு மேல் வாங்கிக்கொண்டு புதிதாகச் சேர்ந்தால், அவருக்குப் பி.எஃப். கட்டாயமில்லை. சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் பழைய கணக்கு எண் வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. "எனக்குக் கணக்கு இல்லைங்க" என்று அவர் வாயால் சொன்னதை நம்பி விட்டுவிடுகிறார்கள். ஆதாரை வைத்துப் பார்த்தால் திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு மாதம் வேலை செய்த கணக்கு கிடைக்கும்.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த பிறகு சம்பளத்தைத் துண்டு போடும் வித்தையும் பலன் குறைந்துவிட்டது. 15,000-இல் அடிப்படை 6,000, மீதி வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்று காட்டி 6,000-க்கு மட்டும் பி.எஃப். கட்டிய கடைகள் உண்டு. இப்போது விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவு ஊதியமாகவே எண்ணப்படும். கிராஜுவிட்டியும் அதே அடிப்படையில்தான் ஏறும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு.

இ.எஸ்.ஐ.யைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கும் 488 ரூபாயின் எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஒன்பது பேர் கடையில் முப்பது வயது லோடுமேன் கிரானைட் பலகை சரிந்து இறந்துபோகிறார் என்று வையுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாததால் இழப்பீடு கடை தலையில். சம்பளத்தில் பாதி, வயதுக்கான காரணியால் பெருக்கப்படும். 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்குப் பாதி 7,500; முப்பது வயதுக்கான காரணி 207.98. வருவது 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. பத்துக்குக் கீழே ஆள் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் அந்தக் கடை தனியாகத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடாவது எடுத்திருக்க வேண்டும். எடுத்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. உள்ள கடைகளில் நடக்கும் தவறு வேறு. 'ஒரு மாசம் நிக்கிறானான்னு பாத்துட்டு எழுதிக்கலாம்' என்று விடுவார்கள். காலில் வாளி விழுவது ஐந்தாம் நாள்தான் நடக்கும், ஏனென்றால் புது ஆளுக்குத்தான் சரக்கு ராக்கில் எது ஆடும், எது ஆடாது என்று தெரியாது. சேர்ந்த அன்றே பதிய வேண்டும். விபத்து நடந்தால் விபத்து அறிக்கையையும் உடனே இணையத்தில் போட வேண்டும். போடாவிட்டால், வேலையில் பட்ட காயத்துக்கு உரிய 90 சதவீதச் சம்பளத்துக்குப் பதில் சாதாரண நோய்க்கு உரிய 70 சதவீதம்தான் கிடைக்கும், அதுவும் 91 நாளுக்கு. பேறுகால விடுப்பு 26 வாரத்துக்கான பணமும் இ.எஸ்.ஐ.யிலிருந்துதான் வருகிறது, பில்லிங்கில் பெண்களை எடுக்கத் தயங்கும் கடைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

ஒன்பதிலிருந்து ஒன்பது வரை

காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்தும் கடையில் ஒரே ஆட்கள்தான் கடைசிவரை நிற்கிறார்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒன்றரை மணி நேரம் போக, பத்தரை மணி நேர வேலை. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் வேலை சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54. கூடுதல் மணிக்கு இரட்டைச் சம்பளம். 15,000-ஐ 26-ஆலும் 8-ஆலும் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய், இரட்டித்தால் 144. தினமும் இரண்டு மணி கூடுதல் என்றால் 26 நாளில் 52 மணி, 7,500 ரூபாய். சம்பளத்தில் சரிபாதி. அதைக் கொடுத்தாலும் வார வரம்பு 54-ஐத் தாண்டுவதால் சட்டப்படி முழுதாகச் செய்யவைக்க முடியாது.

இங்கே செலவில்லாத ஒரு தீர்வு இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கூட்டம் இரண்டு நேரம்தான். எட்டிலிருந்து பத்தரை வரை வேலைக்குப் போகும் பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன். மாலை ஐந்துக்கு மேல் வீட்டுக்காரர்கள். கடை நேரத்தை எட்டு முதல் எட்டு வரை என்று வைத்து, பாதி ஆட்களை எட்டு முதல் ஐந்து வரையும், பாதியைப் பதினொன்று முதல் எட்டு வரையும் மாற்றினால், காலைக் கூட்டத்துக்கும் மாலைக் கூட்டத்துக்கும் பாதிப் பேர் புதுத்தெம்போடு நிற்பார்கள். சரக்கு அடுக்கும் மதிய நேரத்தில் எல்லாரும் இருப்பார்கள். கூடுதல் மணியே வராது. டைல்ஸ் ஷோரூமுக்கு இது பொருந்தாது. அங்கே ஞாயிறுதான் வியாபாரம், குடும்பத்தோடு வருவார்கள். வார விடுமுறையைச் செவ்வாய், புதன் என்று பிரித்துவிட வேண்டும்.

நிற்பதைப் பற்றியும் ஒன்று. வேலைக்காரர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைகளை நினைத்துச் செய்தது என்றாலும் நமக்கும் உண்டு. டைல்ஸ் ஷோரூமில் வாடிக்கையாளருக்கு சோபா இருக்கும், சேல்ஸ்மேனுக்கு டைல்ஸ் பெட்டிதான் நாற்காலி.

தோளில் நாலு டன்

இந்த வியாபாரத்தின் ஆள் செலவில் அதிகம் ஒளிந்திருப்பது எடை. சிமென்ட் மூட்டை 50 கிலோ. சுவருக்குப் பூசும் புட்டி 40. இரண்டுக்கு இரண்டடி டைல்ஸ் பெட்டியில் நாலு கல், பதினைந்தரை சதுர அடி, 28 முதல் 30 கிலோ. எட்டுக்கு நாலு, 18 மில்லிமீட்டர் பிளைவுட் 35 கிலோவுக்கு மேல். 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். 18 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு நாலரைக் கிலோ. ஒருவர் கையால் தூக்கும் எடை, எல்லா வசதியும் சரியாக இருந்தாலே 23 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்கு. ஆணுக்கு 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. நம் சிமென்ட் மூட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

டைல்ஸ் தயாராகும் குஜராத்தின் மோர்பியிலிருந்து 25 டன் ஏற்றி வரும் லாரியில் சுமார் 860 பெட்டி இருக்கும். ஆறு லோடுமேன்கள் இறக்கினால் ஒருவர் பங்குக்கு 143 பெட்டி, நாலு டன்னுக்கு மேல். பெட்டிக்கு 4 ரூபாய் இறக்குக்கூலி என்று வைத்தால் மொத்தம் 3,440; ஆளுக்கு 573. அதே பெட்டி அதோடு நிற்பதில்லை. குடோனிலிருந்து குட்டி யானை என்ற சின்ன லோடு வண்டிக்கு, வண்டியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து மாடிக்கு என்று மொத்தம் நாலு தடவை தூக்கப்படுகிறது. 16 ரூபாய். பெட்டி 700 ரூபாய்க்கு விற்று அதில் 12 சதவீதம் லாபம் என்றால் 84 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு தூக்குவதிலேயே போகிறது. இதை பில்லில் தனியாகப் போடாமல் 'டெலிவரி ஃப்ரீ' என்று எழுதிவிடுவதுதான் வழக்கம்.

ஒரு பெட்டி உடைந்தால் கொள்முதல் விலை 616 போய்விடும். ஈடுகட்ட ஏழெட்டுப் பெட்டி விற்க வேண்டும். ஏன் உடைகிறது? பெட்டியைப் படுக்க வைத்தால் கீழே உள்ள கல் நடுவில் வளைந்து முறியும். செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும். குடோன் தரை மேடுபள்ளமாக இருந்தால் ஒரு மூலையில் எடை விழும். மழையில் நனைந்த அட்டை கையோடு வந்துவிடும். நகருக்குள் பகலில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் லாரி இரவில் வரும். பெட்டிக் கணக்கில் கூலி, சீக்கிரம் முடித்தால் அடுத்த லாரி. கூலியை எண்ணிக்கையில் கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. பெட்டிக் கூலியில் ஒரு ரூபாயைத் தனியாக ஒதுக்கி, உடைசல் ஒரு லாரிக்கு இத்தனைக்குள் இருந்தால் அதை மொத்தமாகக் கொடுக்கும் ஏற்பாடு இதைவிட நன்றாக வேலை செய்கிறது. இரண்டு சக்கரத் தள்ளுவண்டி நாலு வாங்கிப் போட்டுத் தரையைச் சமன் செய்தால் உடைசலும் குறையும், முதுகும் தப்பும்.

உடைந்ததைச் சம்பளத்தில் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நடந்தது என்று காட்ட வேண்டும். அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அபராதம் என்றால் 3 சதவீதம்தான் உச்சம். 'யார் உடைச்சாங்கன்னு தெரியல, எல்லாருக்கும் நூறு ரூபா பிடிச்சுக்கோ' என்பது எந்தக் கணக்கிலும் செல்லாது.

லோடுமேன் யாருடைய ஆள் என்ற கேள்வியும் தீர்க்கப்படாமலே கிடக்கிறது. 'அவங்க ஸ்டேண்டு ஆளுங்க, நமக்குச் சம்பந்தமில்ல' என்பார்கள். தினமும் அதே ஆறு பேர், கடைக்காரர் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் இறக்குகிறார்கள் என்றால் சம்பந்தம் உண்டு. சரக்குப் போக்குவரத்துக் கடையில் ஏற்றி இறக்கியவர்களை அந்த நிறுவனத்தின் ஆட்களாகவே கொண்டு இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்தாலும் அவர் கட்டாமல் விட்டால் கடைதான் கட்ட வேண்டும்; மாதாமாதம் அவரிடம் கட்டிய ரசீதை வாங்கிக்கொண்டு பில் தொகையை விடுவது நல்லது.

கோவைக் கடைகளுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கதி: வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு அனுப்பும் சரக்கு. அங்கே 1978-ஆம் ஆண்டுச் சுமைத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற தொழிலாளர்கள், வாரியம் நிர்ணயித்த கூலி. தூக்காமலே கேட்கும் 'நோக்குக் கூலி' 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் இங்கிருந்து ஆளை ஏற்றி அனுப்பி அங்கே இறக்கலாம் என்று விலை சொல்லிவிட்டு, பிறகு இறக்குக்கூலிக்குக் கடைக்காரரும் வீட்டுக்காரரும் தொலைபேசியில் சண்டை போடுவது இன்னும் நடக்கிறது. ஆர்டர் எழுதும்போதே 'இறக்குக்கூலி வாங்குபவருடையது' என்று எழுதிவிட்டால் முடிந்தது.

இன்சென்டிவ் எதற்குக் கொடுப்பது

12 சதவீத லாபத்தில் இருபதாயிரம் ரூபாய் ஆளுக்குச் சோறு போட, அவர் மாதம் 1,67,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். சிமென்ட் மட்டும் விற்று, மூட்டைக்கு 10 ரூபாய் நின்றால் 2,000 மூட்டை, நூறு டன். அதனால்தான் சிமென்டுக்கு ஆள் போடுவதில்லை, போன் எடுக்கிறவர் போதும். குழாய், பாத்ரூம் சாமானில் லாபம் அதிகம். ஆனால் ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் உட்காரும். ஆளுக்கு இத்தனை விற்பனை என்று எல்லாருக்கும் ஒரே இலக்கு வைக்கும் கடையில் எல்லாரும் சிமென்ட் பில்லைத் தங்கள் பேரில் போட அடித்துக்கொள்வார்கள்.

விற்பனைத் தொகையின் மேல் இன்சென்டிவ் கொடுத்தால் சேல்ஸ்மேன் தள்ளுபடியை அள்ளி விடுவார். டைல்ஸில் இன்னொரு ஓட்டை: வெட்டுக் கழிவுக்கு என்று பத்து சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்வார்கள், மீதியைத் திருப்பித் தருவார்கள், இன்சென்டிவ் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. சரக்குத் திரும்பும் காலம் முடிந்தபின், கடன் பில்லென்றால் பணம் வந்தபின் கொடுப்பதுதான் சரி. பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண்ணையும் ஷேடு எண்ணையும் பில்லில் எழுதாதவருக்கு அந்த பில்லின் இன்சென்டிவ் இல்லை என்று வைத்தால் பெரிய தலைவலி ஒன்று ஒழியும். ஹாலில் முப்பது பெட்டி ஒட்டி முடித்து, குறைந்த மூன்று பெட்டியை வேறு பேட்சில் அனுப்பினால், காய்ந்தபின் நிறம் வேறாகத் தெரியும். அப்போது கல் விலை, ஒட்டின கூலி, பெயர்க்கும் கூலி எல்லாம் கடைக்கு வரும்.

பெயின்ட் கலக்கும் மெஷினுக்கு யாரை நிறுத்துவது என்பதும் சம்பளக் கேள்விதான். காலையில் நாஸில்களைச் சுத்தம் செய்து கொஞ்சம் வண்ணம் ஓடவிட வேண்டும். காய்ந்திருந்தால் அளவு குறைவாக விழுந்து ஷேடு வெளுக்கும். அடர் நிறத்துக்கு வெள்ளை பேஸை வைத்தால் எவ்வளவு ஊற்றினாலும் நிறம் வராது. ஷேடு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் வேறு வீட்டுப் பெயின்ட். கலந்த வாளியைத் திருப்ப முடியாது. 20 லிட்டர் வாளி 6,000 ரூபாய் என்றால், தெரிந்த ஆளுக்கு மாதம் 2,000 கூடக் கொடுப்பது ஆண்டுக்கு நாலு வாளி விலை. அனுபவமில்லாத ஆள் ஆண்டுக்கு நாலு வாளிதான் கெடுப்பார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் ஹோம் டிப்போ 2023 பிப்ரவரியில் கடை ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் கூடுதலாகக் கொடுப்பதாக அறிவித்தது. எல்லா ஊரிலும் தொடக்கக் கூலி மணிக்குக் குறைந்தது 15 டாலர். பெரிய தொகைதான். ஆனால் அந்த நிறுவனத்தின் முந்தைய ஆண்டு விற்பனை 15,700 கோடி டாலருக்குச் சற்று மேல்; உயர்வு அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கே வாடிக்கையாளரே வண்டி தள்ளிக்கொண்டு போய் எடுத்து, தானே வீட்டில் மாட்டுகிறார். நம் கடையில் எடுத்துக் கொடுப்பவர், தூக்குபவர், மாட்டுபவர் எல்லாரும் வேறு வேறு ஆள். எல்லாருக்கும் பங்கு உண்டு.

ஆடி மாசமும் அட்வான்ஸும்

ஆடி, புரட்டாசி, மார்கழியில் பூமி பூஜையும் புதுமனைப் புகுவிழாவும் நடப்பதில்லை. தையிலிருந்து சித்திரை வரை மூச்சு விட முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய மூன்று வாரம் பெயின்டுக்கு. சம்பளம் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு. எனவே 12 நாள் விடுப்பையும் பழைய சரக்கு எண்ணுவதையும் ஆடிக்குத் தள்ளிவிடும் கடை தப்பிக்கிறது. மாரியம்மன் நோம்பி மட்டும் இதில் அடங்காது. அது ஊருக்கு ஒரு தேதி. அன்றைக்கு யாரும் வர மாட்டார்கள், எதிர்பார்க்கவும் கூடாது.

ஆள் போட்டி வேறு கடைகளோடு மட்டும் இல்லை. திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் சனிக்கிழமை கையில் காசு. கோவையில் பவுண்டரி, பம்பு கம்பெனி. இதற்குப் பதிலாகக் கடைகள் கண்டுபிடித்த கயிறு அட்வான்ஸ். விசைத்தறியில் ஊறிப்போன பழக்கம் கடைகளுக்கும் வந்துவிட்டது: 50,000 கொடுத்து, மாதம் 2,000 பிடிப்பது, நடுவில் கல்யாணம், மருத்துவம் என்று இன்னொரு 30,000. ஆள் நிற்கிறார் என்று முதலாளி நினைக்கிறார். நல்ல ஆளென்றால் அடுத்த கடைக்காரர் அந்த எண்பதாயிரத்தைக் கட்டி அழைத்துப் போகிறார். சுமாரான ஆள்தான் கடனோடு நிற்பார். கடனைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய காரியம். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். அட்வான்ஸை அதில் கழிக்கலாம், நிறுத்தி வைக்க முடியாது.

மேஸ்திரியின் பங்கு

ஒரு வீட்டுக்கு இரண்டு லட்சத்துக்கு டைல்ஸ். மேஸ்திரிக்கு 3 சதவீதம் என்றால் 6,000 ரூபாய். அந்தக் குடும்பத்தோடு இரண்டு நாள் நின்று, மாதிரி எடுத்துக் காட்டி, அளவு போட்டு, வண்டி ஏற்றி அனுப்பிய சேல்ஸ்மேனின் இரண்டு நாள் சம்பளம் 1,154. இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். மேஸ்திரிக்குப் பணக் கவரை எடுத்துக் கொடுப்பதே அவர்தான்.

மேஸ்திரி கமிஷன் தவறென்று சொல்லவில்லை. ஒட்டும்போது கல் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மொத்தமும் திரும்பி வரும். அவர் கடைக்குச் செய்வது விற்பனை வேலை, தரச் சோதனையும்கூட. ஆனால் அது ஆள் செலவு; அப்படி எழுதப்பட வேண்டும். கடந்த ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டிய தனிநபர் கடையும், எல்லாக் கூட்டு நிறுவனமும் கம்பெனியும், ஒருவருக்கு ஆண்டில் 20,000-க்கு மேல் கமிஷன் கொடுத்தால் 2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். பான் எண் தராதவருக்கு 20 சதவீதம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது செலவாக ஏற்கப்படாது. 'டிஸ்கவுன்ட்' என்று எழுதினால் இதெல்லாம் தப்பும் என்று நினைக்கிறார்கள். பில்லில் வீட்டுக்காரர் பேர் இருக்கும். தள்ளுபடி தனக்கு வரவில்லை என்று அவர் ஒரு நாள் கண்டுபிடிப்பார்.

வாளிக்குள் டோக்கன் வைத்தும், குறியீட்டை ஸ்கேன் செய்யவைத்தும் பெயின்ட் கம்பெனிகளே பெயிண்டருக்கு நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியபின் பெயின்ட் கடைகளில் இந்தச் சுமை கொஞ்சம் குறைந்தது. டைல்ஸில் குறையவில்லை. ஐந்தாறு வருடம் ஒரே ஷோரூமில் நின்று எல்லா மேஸ்திரியையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த சேல்ஸ்மேன் ஒருநாள் வேலையை விடுகிறார். இரண்டு மாதம் கழித்து டைல்ஸ் ஒட்டும் ஆட்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு, அதே ஷோரூமுக்குள் வருகிறார். "வாங்கண்ணா, உக்காருங்க" என்று முதலாளியே எழுந்து நாற்காலி போடுகிறார்.